மோட்டாரை அப்புறம் வாங்கிக்கலாம் கண்ணு

வா கண்ணு, உக்காரு. அந்தச் செல்லைச் சித்தெ இப்படித் திருப்பு, படத்தைப் பாக்கோணும். ம்ம். மூணு சக்கரம், நடுவால ஒசரமா ஒரு சீட்டு, பின்னால கூடை, முன்னால லைட்டு. நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. மேல ஒரு காக்கா வந்து உக்கார்ந்தா கவுந்துக்கும்ங்கறது பாக்கறவங்களுக்குத் தெரியாத மாதிரி வரைஞ்சிருக்கே பாரு, அதுதான் கைவேலை.

மூஞ்சியைத் தூக்காதே. நேத்து ராத்திரி உங்கம்மா வந்து, "ஏனுங்ப்பா, இவன் என்னமோ மோட்டார் வெச்ச மூணு சக்கர சைக்கிள் செய்யறானாமா, நீங்களாச்சும் சொல்லப்படாதுங்ளா"ன்னு கேட்டா. ஐ.டி. வேலைக்குப் போற பையன், கண்ட கண்ட பக்கம் சுத்தாம இரும்பு வாங்கி ஒட்டிட்டுக் கெடக்கறான், விடு சாமின்னு நாந்தான் சொல்லி வெச்சேன். அந்த நன்றிக்காச்சும் இந்த டீ ஆர்ற வரைக்கும் நான் சொல்றதைக் கேளு.

எதுக்கு இந்த வண்டின்னு கேட்டா, சும்மா சாயந்தரம் நம்ம ஊரு ரேஸ் கோர்ஸ் ரோட்டை ஒரு சுத்து சுத்தறதுக்குங்கறே. ஒரு சுத்து சுமாரா இரண்டரை கிலோமீட்டர். சக்கரையும் கொழுப்பும் எறங்கட்டும்னு பாதி ஊரு அங்க மூச்சு வாங்க நடக்குது. நீ அவங்க நடுவுல உக்கார்ந்துட்டே போறதுக்கு வண்டி கட்டறே. புண்ணியவான். உன்னைப் பார்த்த ஆத்திரத்துலயே அவங்களுக்கு இன்னும் ரெண்டு கிலோ எறங்கும்.

என்னது, ஆயிரம் வாட் மோட்டாருக்கு ஆர்டர் போட்டாச்சா? அட கெரகமே. பொண்ணு பாக்கறதுக்கு முன்னாலயே மேளக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரியல்ல இருக்குது. அதை மொதல்ல கேன்சல் பண்ணு. மோட்டாருங்கறது கடைசில வாங்கற சாமான். வண்டி எப்படி நிக்கும், எப்படித் திரும்பும், எங்க பாரம் உக்காரும், இதெல்லாம் முடிவாகட்டும். அப்புறம் அது எப்படி ஓடும்னு ரோசனை பண்ணு. ஓடறதுக்குக் கழுதைக்குக்கூடத் தெரியும். நிக்கறதுக்குத்தான் புத்தி வேணும்.

எங்க காலத்துல மாட்டு வண்டில பாரம் ஏத்தறப்ப ரெண்டு வார்த்தை சொல்லுவோம். முன்பாரம், பின்பாரம். மூட்டையெல்லாம் முன்னால போட்டா மாட்டுக் கழுத்து அமுங்கிப் போகும். பின்னால போட்டா நொகத்தடி மேல எந்திரிச்சு மாடு அந்தரத்துல கால் வீசும். நடு அச்சுக்குக் கொஞ்சமே கொஞ்சம் முன்னால பாரம் நிக்கோணும். அதைத் தராசு வெச்சுப் பாக்கறதில்லை. நொகத்தை ஒத்தைக் கையில தூக்கிப் பார்த்தாத் தெரியும்.

உன்ர வண்டிக்கும் அதே கணக்குத்தான். முன்னால ஒரு சக்கரம், பின்னால ரெண்டு. மேல இருந்து பார்த்தா முக்கோணம். பாரம் முக்கோணத்தோட அகலமான பக்கம், பின் அச்சுக்குக் கிட்டத்துல, கீழாப்புல உக்காரோணும். நீ வரைஞ்சிருக்கறது நடுவுல, அதுவும் மூணடி ஒசரத்துல. அது சீட்டில்லை கண்ணு, பரண். சோளக்கொல்லைல குருவி ஓட்டறதுக்கு ஆகும்.

ரெண்டு சக்கர வண்டில போறவன் வளைவுல சாஞ்சுக்குவான். வண்டியும் அவனோட சாயும், அதனால தள்ளு விசை சக்கரத்தோட நேராக் கீழ எறங்கிரும். மூணு சக்கரம் சாயாது. மல்லுக்கட்டி நிக்கும், நிக்க முடியாதப்பக் கவுழும். வேகம் ரெண்டு மடங்கானா பக்கவாட்டுத் தள்ளு ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். நீ இஞ்சினியரு, உனக்கு நான் சொல்லோணுமா? அஞ்சு மீட்டர் வளைவுன்னு வெச்சுக்கோ, நம்ம தெருமுக்கு மாதிரி. உன்ர பரண் வண்டி அதுல 10 கிலோமீட்டர் வேகத்துல மரியாதையாத் திரும்பும். ஏறத்தாழ 15-ல உள்பக்கச் சக்கரம் எந்திரிச்சு உனக்கு வணக்கம் சொல்லும். 20-ல நீயே ரோட்டுக்கு வணக்கம் சொல்லலாம், நெடுஞ்சாண்கிடையா.

இதுல இன்னொரு கூத்து. பிரேக்கை அடிச்சுட்டே திரும்பினா பாரமெல்லாம் முன்னால ஓடும். முன்னால இருக்கறது ஒத்தைச் சக்கரம். முக்கோணத்தோட கூர் அங்கதான். அதனால வேகத்தைக் குறைக்கறதா இருந்தா வளைவுக்கு முன்னாலயே குறைச்சுக்கோணும். ரெண்டு சக்கரத்தை முன்னால வெச்சு, ஒண்ணைப் பின்னால வெச்சுக் கட்டினா இந்தத் தொல்லை குறையும். ஆனா முன் சக்கரம் ரெண்டையும் ஒண்ணா ஒடிக்கற ராடு வேலை, அந்தக் கோணம், இந்தக் கோணம்னு லேத் பட்டறைக்காரன் உன்னைத் தத்தெடுத்துக்குவான். மொத வண்டிக்கு வேண்டாம்.

சந்தேகம் இருந்தா ஒரு சோதனை. பைப்பை மொத்தமா பத்த வைக்காதே, அங்கங்க பொட்டு மட்டும் வெச்சு நிறுத்து. சீட்டு மேல 25 கிலோ அரிசிச் சிப்பம் மூணு ஏத்திக் கட்டு. பின்னால ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கி போட்டு மெதுவாத் தூக்கு. மறுபக்கம் ரெண்டு பேரு புடிச்சுக்கட்டும். ஒரு அடி தூக்கியும் வண்டி கவுழலைன்னா மேல பத்த வை. கவுந்தா சீட்டை எறக்கு, இல்லாட்டி அகலத்தைக் கூட்டு.

என்ன? நீ 58 கிலோதானா? எனக்குத் தெரியாதா கண்ணு உன்ர எடை. எழுவத்தஞ்சுக்கே போட்டுப் பாரு. காரணமாத்தான் சொல்றேன்.

அகலத்தைக் கூட்டறேன்னு நாலடி வெச்சுப் போடாதே. நம்ம கேட்டு அகலம் எவ்வளவுன்னு டேப் போட்டுப் பார்த்தியா? பாத்திருக்க மாட்டே. ரெண்டே முக்கா அடி. பின் சக்கரம் ரெண்டும், வெளிய துருத்தற நட்டோட சேர்த்து, இரண்டரை அடிக்குள்ள இருந்தா உரசாமப் போகும். கேட்டை இடிச்சா உங்கம்மா நம்ம ரெண்டு பேர்த்தையும் வண்டிலயே ஏத்தி அனுப்பீருவா.

இனிமேல் சொல்றது நான் பட்டது. 1979-ல அன்னூர்ப் பக்கம் தோட்டத்துல இருந்தப்ப, சந்தைக்கு வாழைத்தார் கொண்டு போக ஒரு பார வண்டி கட்டினேன். மூணு சக்கரம், பழைய மொபெட் இஞ்சின். நானே பெரிய விஞ்ஞானின்னு நெனப்பு. பின் சக்கரம் ரெண்டையும் ஒரே இரும்பு அச்சுல கோத்து, ரெண்டு பக்கமும் பத்த வெச்சு இறுக்கிப் போட்டேன், கழண்டுக்கக் கூடாதுன்னு. நேர் ரோட்டுல ராசா மாதிரி வந்துச்சு. மாரியாத்தா கோயில் முக்குல ஹேண்டில்பாரை ஒடிக்கறேன், முன் சக்கரம் திரும்புது, வண்டி திரும்பலை. முன் சக்கரம் பக்கமாத் திரும்பி நின்னு கரகரன்னு தேஞ்சுட்டே நேராப் போகுது. நேரா எதிர்ல இளநிக் கடை.

இருபத்தேழு இளநிக்குக் காசு கொடுத்தேன். மூணு நாளைக்கு எங்க ஊட்ல தண்ணியே யாரும் குடிக்கலை. உங்க அமுச்சி சாகற வரைக்கும் நான் எந்த ஸ்பேனரை எடுத்தாலும், "ஏனுங், இளநி குடிக்கோணும்போல இருக்குதுங்ளா?"ன்னுதான் கேப்பா.

ஏன் திரும்பலைன்னு அன்னைக்கு ராத்திரி களத்துல படுத்துட்டு ரோசனை பண்ணினேன். பதில் அந்தக் களத்துலயே இருந்துச்சு. போரடிக்கறப்ப மாடுகளை வரிசையாப் பூட்டிச் சுத்துவமல்ல? உள்ள நிக்கற மாடு இருந்த எடத்துல காலைத் தூக்கி வெக்கும், வெளிய இருக்கற மாடு ஓட்டமா ஓடும். ரெண்டையும் ஒரே கழியில இறுக்கிக் கட்டி ஒரே நடை நடன்னா சுத்துமா? வளைவுல வெளிச்சக்கரம் கூட தூரம் போகோணும். அதுக்குத்தான் ஆட்டோவுல டிஃபரென்ஷியல் வெச்சிருக்கறான். உனக்கு அவ்வளவு வேண்டாம். பின்னால ஒரு சக்கரத்துக்கு மட்டும் செயின் இழுவை கொடு. இன்னொண்ணு தன் பாட்டுக்கு உருளட்டும். மெதுவாப் போற வண்டிக்கு அது போதும்.

இந்த மூணு சக்கரத்தை எளப்பமா நெனக்காதே. ஜெர்மனில கார்ல் பென்ஸ் 1886-ல பேட்டண்ட் வாங்கின மோட்டார் வண்டிக்கு மூணு சக்கரந்தான். முன்னால ரெண்டு சக்கரத்தை ஒழுங்கா ஒடிக்கற வித்தை அவருக்குத் திருப்தியா அமையலை, அதனால ஒண்ணோட நிறுத்திக்கிட்டாரு. மனுசன் செஞ்சு வெச்சுட்டு வெளிய கொண்டு போகத் தயங்கிட்டே இருந்தாரு. அவரு சம்சாரம் பெர்த்தா, 1888 ஆகஸ்டுல, புருசங்கிட்டச் சொல்லாம ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு மன்ஹைம்ல இருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு வண்டியை எடுத்துட்டுக் கெளம்பீருச்சு, நூறு கிலோமீட்டருக்கு மேல. அம்மா ஊட்டுக்குத்தான். கோவிச்சுக்கிட்டுப் போகலை, வண்டி ஓடும்னு காட்டறதுக்கு. வழில எண்ணெய் தீந்து மருந்துக் கடைல வாங்கி ஊத்துச்சு. குழாய் அடைச்சுக்கிட்டப்பத் தொப்பில குத்தற ஊசியால குத்தி எடுத்துச்சு. எல்லாருக்கும் அந்த ஊசிக் கதைதான் தெரியும். எனக்குப் புடிச்சது வேற ரெண்டு சங்கதி. மேடு வந்தப்ப வண்டி ஏறலை, பசங்க எறங்கித் தள்ளினாங்க. எறக்கத்துல பிரேக்குக் கட்டை தேஞ்சு போச்சு, ஒரு செருப்புத் தைக்கறவருகிட்டத் தோல் வெச்சு அடிச்சுக்கிட்டுப் போச்சு. மோட்டார் வண்டி பொறந்து மொத நெடும்பயணத்துலயே வந்த வியாதி ரெண்டு: ஏத்தம், பிரேக்கு. நீ ஆயிரம் வாட்டுன்னு ஆரம்பிக்கறே.

சரி, பிரேக்குக்கு வா. சைக்கிள் பிரேக்கை முன்னால ஒண்ணு மாட்டி வுட்டா ஆகாது. பாரம் பின்னால உக்கார்ந்திருக்கு, முன் சக்கரம் லேசா இருக்கும், புடிச்சா வழுக்கும். பின் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் வேணும், ரெண்டும் ஒரே அளவா புடிக்கோணும். இல்லைன்னா மொரட்டு மாடும் சோம்பேறி மாடும் பூட்டின வண்டி மாதிரி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். பழைய மொபெட்டோட முன் சக்கரம் ரெண்டு உக்கடம் பழைய சாமான் கடைல பொறுக்கு, டிரம் பிரேக்கோட. லீவரைத் தொட்டதும் மோட்டாருக்குக் கரண்ட் நிக்கற மாதிரி ஒரு சுவிட்சு விக்குது, அதை மறக்காதே. அப்புறம் ஒரு கைப்பிரேக். ரெண்டு சக்கர வண்டியை ஸ்டாண்டு போட்டா நிக்கும். இது நின்ன மாதிரி நடிச்சுட்டு, நீ டீ குடிக்கத் திரும்பினதும் எறக்கத்துல தானாக் கெளம்பும்.

மொபெட் சக்கரம் ஏன்னு கேளு. சைக்கிள் சக்கரம் மேலிருந்து வர்ற பாரத்தைத்தான் தாங்கும். சாய்ற வண்டிக்குப் பண்ணினது. சாயாத வண்டில வளைவுக்கு வளைவு பக்கவாட்டுல தள்ளு விழும். ஸ்போக்ஸ் கம்பி தளர்ந்து, ஆறே மாசத்துல ரிம்மு எட்டாயிரும். வாரத்துக்கு ஒருக்கா கோட்டம் எடுக்க ஆள் தேடோணும். இப்பெல்லாம் கோட்டம் எடுக்கத் தெரிஞ்சவனைத் தேடறதுக்கு மாப்பிள்ளை தேடறதே சுலபம்.

இன்னொண்ணு நீ நெனச்சே பாத்திருக்க மாட்டே. பைக்குக்கு ரோட்டுல ஒரு தடம். குழி வந்தா ஒடிச்சுப் போயிரலாம். காருக்கு ரெண்டு தடம், குழியை நடுவுல வுட்டுத் தாண்டலாம். உனக்கு மூணு தடம். எப்படி ஒடிச்சாலும் ஏதோ ஒரு சக்கரம் குழிக்கு நேரா வரும். நம்ம ஊர்ல பைப்புக்குத் தோண்டினவன் மூடறதில்லை, மூடினவன் சமன் பண்றதில்லை. சீட்டுக்கு அடில ஸ்பிரிங் வை, கனமா வை. வயசான... வயசானா எல்லாருக்கும் இடுப்பு வலி வரும்னு சொல்ல வந்தேன்.

மொத நாள் ஓட்டறப்ப ஒரு வேடிக்கை நடக்கும். சைக்கிள் தெரியாதவன் அலுங்காமப் போயிருவான். சைக்கிள் தெரிஞ்சவன் நேராச் செவுத்துல போய் முட்டுவான். ஒடம்பு சாய்ச்சுத் திருப்பிப் பழகினது, இங்க ஹேண்டிலை ஒடிச்சாத்தான் திரும்பும். அதுல நம்ம ரோடு நடுவுல மேடு, ஓரத்துல பள்ளம். வண்டி சதா சாக்கடைப் பக்கமே இழுக்கும். ஒரு வாரம் மைதானத்துல பழகிட்டு ரோட்டுக்கு வா.

இப்ப உன்ர மோட்டாரு. சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தியா? மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ, பேட்டரி இல்லாம வண்டி எடை 60 கிலோவுக்கு மிகாம, நல்ல பிரேக்கு, முன்னால வெள்ளையும் பின்னால செவப்புமா ரிஃப்ளெக்டர். இத்தனையும் இருந்தா அதை மோட்டார் வண்டின்னு கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. ஆனா இதையெல்லாம் நீயே சொல்லிக்கிட்டா ஆகாது. புனேல இருக்கற ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி ஒரு சோதனை நிலையம் பார்த்துச் சரின்னு சொல்லோணும். நீ பொடக்காலில கட்டற வண்டிக்கு அங்கிருந்து ஆள் வரப் போறதில்லை. அதனால அளவையாச்சும் தாண்டாதே, பெடலைக் கழட்டாதே, காம்பவுண்டுக்குள்ளயும் காலேஜ் மைதானத்துலயும் ஓட்டு, ரோட்டுக்குக் கொண்டு போறதுன்னா மொதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டு வா. ஆயிரம் வாட்டை மாட்டினா பதிவு, நம்பரு, இன்சூரன்சுன்னு எல்லாம் கேப்பாங்க, உங்கிட்ட ஒண்ணும் இருக்காது. மெட்ராஸ்ல மீன்பாடி வண்டி பாத்திருக்கியா? பழைய ஸ்கூட்டர் இஞ்சினைத் தூக்கி மீன் வண்டில வெச்சு, சத்தம் ஒரு பர்லாங்குக்கு முன்னாலயே வரும். வண்டில எல்லாம் இருக்கும், நம்பர் பிளேட்டைத் தவிர. அவங்க பொழப்புக்கு ஓட்டறாங்க. நீ பொழுதுபோக்குக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகோணுமா?

250 வாட் பத்தாதுங்கறே. பென்சிலை எடு. வண்டி, பேட்டரி, ஆளு எல்லாம் சேர்த்து 150 கிலோ. நூறடிக்கு அஞ்சடி ஏர்ற பாலம். 10 கிலோமீட்டர் வேகத்துல ஏற ஏறத்தாழ 250 வாட்டுத்தான் ஆகும். நடக்கறவனைத் தாண்டிப் போவே, ஓடறவங்கிட்டத் தோத்துப் போவே. அதுக்கு மேல வேணும்னா பெடலை மிதி, அதுக்குத்தான் கழட்டாதேன்னேன். சமதளத்துல 20-ல சும்மா போகும். 20-க்கு மேல எங்க போகப் போறே? ரேஸ் கோர்ஸ்னு பேரு வெச்சிருக்கறாங்க, நெசமாலுமே ரேஸ் நடக்கறதில்லை கண்ணு.

பைப்பு, ஒண்ணுக்கு ஒண்ணு சதுர பைப், 16 கேஜ் வாங்கு. இருபதடி நீளம் ஏழு கிலோ சொச்சம் வரும். ரெண்டு நீளம் போதும். தடியா ஆங்கிள் போட்டா 60 கிலோ சக்கரம் மாட்டறதுக்குள்ளயே தாண்டீரும். கணபதில எந்தப் பட்டறைலயும் பத்த வெச்சுக் கொடுப்பாங்க. முன் ஃபோர்க்கு சேர்ற கழுத்துல மட்டும் ரெண்டு பக்கமும் தகடு வெச்சு ஒட்டச் சொல்லு, அங்கதான் மொதல்ல விரியும்.

பேட்டரி, 48 வோல்ட்டுக்கு ஈய பேட்டரி நாலு மாட்டலாம், வெலை கம்மி, ஆனா இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல இரும்புக் குண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு அதுல பாதிகூட வராது. எதுவானாலும் தரைக்குக் கிட்ட, பின் அச்சுக்குச் சித்தெ முன்னால பெட்டி போட்டு வை. முன்பாரம் பின்பாரம், மறந்துராதே. பேட்டரில இருந்து வயரு வெளிய வர்ற எடத்துலயே ஃபியூஸ் போடு. ராத்திரி மாடிப்படிக்கு அடில சார்ஜ் போடாதே. தீப்புடிச்சா எறங்கி ஓடறதுக்கு அந்தப் படி ஒண்ணுதான்.

சீட்டு ஒசரம். லண்டன்ல சின்கிளேர்னு ஒருத்தரு, கால்குலேட்டரும் கம்ப்யூட்டரும் செஞ்சு பேரு வாங்கினவரு, 1985 ஜனவரில சி5-ன்னு ஒரு பேட்டரி மூணு சக்கரம் வுட்டாரு. 399 பவுண்டு. மோட்டாரு அதே 250 வாட். படுத்த மாதிரி உக்காரோணும், தலை லாரிச் சக்கரத்துக்கு நேரா வரும். ஜனவரிக் குளிர்ல, மேல கூரை இல்லாம. பின்னால இருக்கறவன் கண்ணுக்குத் தெரியட்டும்னு நீளக் குச்சி ஒண்ணு வித்தாங்க, அதுக்குத் தனிக் காசு. ரிவர்ஸ் கெடையாது, எறங்கித் தூக்கித் திருப்போணும். அந்த வருசம் ஆகஸ்டுலயே செய்யறதை நிறுத்தீட்டாங்க. ரொம்ப மேலயும் போகாதே, ரொம்பக் கீழயும் போகாதே. நாற்காலி ஒசரம், பதினெட்டு அங்குலம். முழங்கால் ரொம்ப மடங்கவும் கூடாது, குதிச்சு எறங்கவும் கூடாது.

சீட்டு அகலம் ரெண்டடி வை. உனக்கு ஒண்ணரை போதுந்தான், இருந்தாலும் வை. சாஞ்சுக்க ஒரு பட்டை, எடது பக்கம் புடிச்சு எந்திரிக்க ஒரு வளையம். ஏர்ற படி ஒம்பது அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. ஹேண்டில்ல ஒரு சின்னப் பெட்டி, வெத்தலைப் பை வெக்கற அளவுக்கு. நீ வெத்தலை போடறதில்லைன்னு தெரியும், செல்லு வெச்சுக்கோ. பக்கத்துல குடை மாட்ட ஒரு கொக்கி. மழை இல்லாதப்ப வேற ஏதாச்சும் மாட்டிக்கலாம், கைத்தடி கீத்தடி. ரிவர்ஸ் வர்ற கன்ட்ரோலராப் பார்த்து வாங்கு, கீழ எறங்கித் தள்ற வயசா?

சிரிக்காதே. எங்க, டீயைக் குடி, ஆறிப் போச்சு. கடைசியா ஒண்ணு. சாவி ரெண்டு போடச் சொல்லு. ஒண்ணு உங்கிட்ட. தொலைஞ்சா வேணும்ல, மாத்துச் சாவி எங்கிட்ட இருக்கட்டும். உங்கம்மாகிட்ட இந்தச் சாவிப் பேச்செல்லாம் எடுக்காதே, அவளுக்கு எதுக்கு வீண் கவலை. நீ காலைல ஒம்பது மணிக்குப் போனா ராத்திரிதான் வர்றே. அது வரைக்கும் வண்டி சும்மா நிக்கும். காம்பவுண்டுக்குள்ள அப்பப்ப யாராச்சும் உருட்டிட்டு இருக்கோணும் கண்ணு. சும்மா நின்னா பேட்டரிக்கு ஆகாது.